இருமுடிக்குத் தேன்

எனக்குச் சர்க்கரை வியாதி. தேனை நாக்கில் வைத்து வருஷக்கணக்காகிறது. அப்படிப்பட்டவள் ரிட்டயர் ஆன பிறகு மொட்டை மாடியில் தேனீ வளர்க்கக் கிளம்பியதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் முதலில் அதைத்தான் கேட்டீர்கள், சார்.

அடையாறில் ஒரு தோட்டத்தில் வகுப்பு நடந்தது. பாடம் எடுத்த நீரஜா சின்னப் பெண், பொறுமைசாலி. புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யக் கூடாததைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கறுப்புத் துணி ஆகாது, தேனீக்குக் கரடி ஞாபகம் வந்துவிடும். சந்தனம், சென்ட் எதுவும் ஆகாது. வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிப் பக்கமே போகக் கூடாது. தேனீ கொட்டும்போது மற்றதுகளைச் சண்டைக்குக் கூப்பிட ஒரு வாசனை விடுமாம், அதுவும் வாழைப்பழ வாசனை மாதிரியே இருக்குமாம். புகை போடாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது, இடிக்கவும் கூடாது.

கேட்கக் கேட்க எனக்கு ஒருவர்தான் கண் முன்னால் வந்தார். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், ராத்திரிக்குப் பாலும் பழமும். எங்கள் அப்பார்ட்மென்ட் செக்ரெட்டரி துரைராஜ்.

ஆற்றை ஒட்டிய பழைய கட்டடம் எங்களுடையது. நான் கீழ் வீடு, அவர் முதல் மாடி. திருட்டு பயம் என்று மாடிப்படியில் இரும்பு கிரில் போட்டு, ராத்திரி பூட்டி, சாவியைத் தன் வீட்டில் மாட்டி வைத்தவர் அவர்தான். அந்தப் பெரிய வெள்ளம் வந்த டிசம்பரில் நான் நங்கநல்லூரில் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அசோகன் தனியாக இருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போனவர். தண்ணீர் உள்ளே வந்ததும் தவழ்ந்தே படியேறியிருக்கிறார், கிரில் வரைக்கும். தண்ணீரும் அதுவரைக்கும் ஏறிவிட்டது. நான் வந்து பார்த்தபோது அவருடைய கைத்தடி கிரில் கம்பியில் மாட்டியிருந்தது. பூட்டைச் சுற்றிப் பெயின்ட் உதிர்ந்திருந்தது. தடியால் எவ்வளவு நேரம் தட்டினாரோ.

மழை சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி துரைராஜ் அழுதார். எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நானும் பார்த்தேன். இவர் வருஷா வருஷம் மாலை போட்டுக்கொண்டு அந்தத் தெய்வத்தின் வீட்டுக்கே போய்விட்டு, பிரசாதத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். எனக்கும் ஒரு டப்பா அரவணைப் பாயசம் கொடுப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஒரே ஒரு தேனீ கொட்டி அவருக்கு முகம் வீங்கிவிட்டது. மூச்சு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். இன்னொரு தடவை கொட்டினால் ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவரே எல்லாரிடமும் சொன்னார். அதற்கப்புறம்தான் நான் வகுப்பில் சேர்ந்தேன்.

மாடியில் பெட்டி வைக்க அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டதுமே தலையாட்டினார். தான் மேலே வராமல் இருந்துகொள்வதாகவும் எனக்கும் ஒரு துணை வேண்டும்தானே என்றும் சொல்லி, மாடிக் கதவுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

தேனீக்களை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். முதல் கூட்டம் எறும்புத் தொல்லையில் ஓடிப்போனது. அடுத்த பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். காலையில் அதுகள் வரிசையாகக் கிளம்புவதைப் பார்த்தால் மனசு லேசாகிவிடும்.

கார்த்திகையில் அவர் மாலை போட்டார். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், பகையாளியாக இருந்தாலும். நானும் கூப்பிட்டேன். இருமுடியில் வைக்கத் தேன் தருகிறேன், சாமி கையாலேயே அடையிலிருந்து எடுக்க வேண்டும், அசோகன் பேரில் வேண்டுதல் என்றேன். பயந்தார்தான். அசோகன் பேரைச் சொன்ன பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. நேற்று மாடி ஏறுவதற்கு முன் என் வீட்டில் வாழைப்பழம் சாப்பிட்டார். செல்போனை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டார், நான் ஞாபகப்படுத்தவில்லை. பகல் வேளை, மற்ற வீடுகளில் ஆள் இல்லை.

பெட்டிக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன். "சாமி, அன்னைக்கு அவர் தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

மாலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "சாமி சத்தியமா கேக்கலக்கா. கேட்டிருந்தா தொறந்திருக்க மாட்டேனா?"

மாலை போட்டவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஊரே சொல்லும். இந்த மனுஷன் மாலையைப் பிடித்துக்கொண்டே பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முகவலையை இழுத்து விட்டுக்கொண்டேன். புகை போடவில்லை. மூடியைத் திறந்து, பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன். படிப் பக்கம் வந்து மாடிக் கதவைத் தாழிட்டேன்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, எதுவும் கேட்கவில்லை என்று உங்கள் ஏட்டிடம் சொன்னது பொய். நான் சமையலறைக்கே போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். தட்டினது கேட்டது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

இதில் ஒன்று தெளிவாகிவிட்டது, சார். அந்தப் பக்கம் தட்டினால் இந்தப் பக்கம் நன்றாகவே கேட்கிறது. ஆகவே அவருக்கும் அன்றைக்குக் கேட்டுத்தான் இருக்கிறது. நேற்று மழை இல்லையே என்கிறீர்கள். மழை பெய்திருந்தாலும் கேட்டிருக்கும்.