இரண்டாம் மூட்டை

மார்ச் 14, சனிக்கிழமை. இல்கல். ஸ்ரீசைலத்துச் சாமி மல்லய்யாவைக் கும்பிட நடந்து போகும் அண்ணிக்காகக் கட்டிய இரண்டாம் மூட்டை ரொட்டியை, மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று சூடு ஆறும் முன்பே அடுக்கிவிட்டேன். தவறு என்னுடையது. இன்று வழியிலிருந்து அண்ணி கங்கவ்வா போனில் பேசினார். நினைவில் நின்ற வரை எழுதுகிறேன்.

— முழுக்கவா பூசணம் பிடிச்சிருக்கு, அண்ணி?

— மேல இருக்குறது பச்சை, நடுவுல இருக்குறது வெள்ளை. முதல் மூட்டை தீந்து இதப் பிரிச்சதும் பக்கத்துல இருந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. மல்லய்யா!

— இருபத்தெட்டு ரொட்டி. நாந்தான் எண்ணி வச்சேன். ஒண்ணுகூடத் தேறலையா?

— எண்ணுனே, சரி. காயவச்சியா, லீலா?

— இல்ல. சுட்டுச் சுட்டு அப்படியே அடுக்கிட்டேன். அன்னைக்கு வகுப்புல பரீட்சை.

— எத்தன மார்க்கு?

— அண்ணி!

— சும்மா கேட்டேன்டி.

— சிரிக்காதீங்க. உங்களுக்குச் சர்க்கரை. வழியில யாத்திரைக்காரங்களுக்குப் போடுற சோறும் பாயசமும் ஆகாதுன்னுதானே சோள ரொட்டி கட்டுனோம்? நாளையிலேர்ந்து காட்டுப்பாதை, கடை கண்ணி கிடையாது. வெறும் வயித்துல மாத்திரை போட்டா எங்கயாவது மயங்கி விழுவீங்க. பஸ் ஏறி வந்துடுங்க.

— வரலாம்னுதான் இருந்தேன். ஒன்பது நாள் நடந்துட்டு, மலையக் கண்ணால பாத்துட்டுத் திரும்பணுமான்னு மரத்தடியில உக்காந்து அழுதேன்.

— என்னாலதான்.

— கேளு முதல்ல. எங்க கூட்டத்துப் பெரியவர் சரணப்பா பக்கத்துல வந்தார். தோள் துண்ட எடுத்துத் தரையில விரிச்சார். தன் பையிலேர்ந்து ரெண்டு ரொட்டி எடுத்து அதுமேல வச்சார். அவ்வளவுதான்.

— அப்புறம்?

— அப்புறம் ஒவ்வொருத்தரா வராங்க. முன்னப்பின்ன பாத்ததில்ல. பீஜாப்பூர்க்காரங்க, ராய்ச்சூர்க்காரங்க, காலெல்லாம் கொப்புளம். நொண்டிக்கிட்டே வந்து ஒண்ணு வச்சுட்டு நொண்டிக்கிட்டே போறாங்க. பேர் கேக்கல, ஊர் கேக்கல. கம்பு ரொட்டி, எள்ளு ரொட்டி, காகிதம் மாதிரி ஒண்ணு. ஒருத்தி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த கடலைப்பொடியில பாதியக் கொட்டிட்டுப் போனா.

— எத்தன சேந்துச்சு?

— நீ கேப்பேன்னு எண்ணி வச்சேன். அறுபத்திமூணு.

— அறுபத்திமூணா! இருங்க, எழுதிக்கிறேன்.

— இதையும் எழுது. துர்கவ்வா வந்தா.

— எந்த துர்கவ்வா?

— நம்ம வயல்ல களை எடுக்குறாளே, அவதான். அவளும் நடக்குறா, எங்களுக்கு நூறடி பின்னால. நம்ம கொல்லையில அவளுக்குன்னு தனி லோட்டா வச்சிருக்கோமே, அது ஞாபகம் வந்திருக்கும். ரொட்டியக் கையில வச்சுக்கிட்டுத் துண்டுகிட்ட வராம நின்னா.

— நீங்க என்ன பண்ணுனீங்க?

— எந்திரிச்சுப் போய்க் கைய நீட்டுனேன். வாங்கி, அவ முன்னாலயே கடிச்சேன். ஒன்பது நாள் ஆகியும் நொறுக்குன்னு உடையுது! அவ மக ரேணுகா காயவச்சதாம். துர்கவ்வா என் வாயையே பாத்துக்கிட்டு நின்னா. மல்லய்யா, அந்தப் பார்வைய மலை ஏறினாலும் மறக்க மாட்டேன்.

— அவ கையால வாங்கித் தின்னது அம்மாவுக்குத் தெரிஞ்சா?

— அத்தைகிட்ட நான் வந்து சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காதே. காட்டுக்குள்ள மூணு நாள் டவர் கிடையாது, வச்சுடட்டுமா? ஏ பொண்ணே, என்ன பண்ற?

— எழுதிக்கிட்டிருக்கேன்.

— இன்னும் என்னத்த?

— நாளைக்குச் செய்யவேண்டியது. காலையில ரேணுகா வீட்டுக்குப் போகணும். அவ அடுப்புப் பக்கத்துல உக்காந்து ரொட்டி காயவைக்கக் கத்துக்கணும். சுட்ட முதல் ரொட்டிய அங்கயே சாப்பிடணும். அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பணும்.