பச்சை தெரியாம அம்பது வண்டி

இல்ல சார், மறந்துட்டேன்னு சொன்னா அது முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற கதையாயிடும். தெரிஞ்சிதான் செஞ்சேன். அம்பது வண்டிக்கும் ஒரு இடம் விடாம வெள்ள அடிச்சேன். நீங்க சூப்பர்வைசரா வந்து பத்து நாளு ஆவுது. நான் இந்தக் காக்களூர் யூனிட்ல பதினோரு வருசமா பொம்ம டாங்கிக்கு பெயின்ட் அடிச்சிக்கினு கீறேன். இந்த ரத்னா அடிச்ச வண்டின்னா யாரும் திருப்பிகூட பாக்க மாட்டாங்க, அப்டியே பேக்கிங் போவும்.

சாம்பிள் பாத்தேன் சார். ஃபோட்டோவும் பாத்தேன். பச்ச வண்டி மேல பனிக்காலத்துக்குன்னு அவசர அவசரமா சுண்ணாம்பு அடிச்சிக்கீறாங்க. ஏறி எறங்குற எடத்துல, மூடி ஓரத்துல, கால் பட்டு கை பட்டு உரிஞ்சி உள்ள பச்ச தெரியுது. அப்டிதான் ஓணும்னு வெளிநாட்டு பார்ட்டி கேக்கறான். ஈர பிரஷ்ஷ வச்சி தேச்சா ரெண்டு நிமிசம், எனக்குத் தெரியாததா? போன வருசம் முந்நூறு வண்டி தேச்சிக் குடுத்தேனே.

இந்தத் தபா கை வரல. வேற இன்னா சொல்றது.

சும்மா கேக்கறேன், வெள்ள இன்னாத்துக்கு அடிக்கிறாங்க? எதிராளி கண்ணுல படக்கூடாதுன்னுதானே? அப்பறம் அத்த நாமளே தேச்சி, இந்தா இங்கதான் கீறேன்னு காட்டணுமா? பொங்கலுக்கு ஊட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு மறுநாளே யார்னா சொரண்டுவாங்களா?

சிரிக்காதீங்க சார், எனக்குப் பேஜாரா கீது. பொம்மதான், தெரியும். உள்ள ஆளு கெடையாது, அதுவும் தெரியும். பேக்கிங்குக்கு மாத்தறேன்றீங்களா, மாத்துங்க. சாயங்காலம் லாரி வந்துடும், அதுக்குள்ள பக்கத்து டேபிள் திலகவதியக் கூப்ட்டு தேய்க்கச் சொல்லுங்க. அவ நல்லா தேய்ப்பா. நான் அந்தாண்ட திரும்பிக்கினு உக்காந்துக்கறேன்.

லீவா? லீவெல்லாம் வாணாம் சார். ஊட்ல குந்திக்கினு ஃபோனையே பாத்துக்கினு இருக்கணும். என் பையன் பரணி மிலிட்டிரில டாங்கி ஓட்றான். மேல, பனிமலையில போட்டுக்கீறாங்க. அவன் பேசி பதினெட்டு நாளாவுது. கடசியா பேசச்சொல்ல, உன் வண்டி இன்னா கலர்டான்னு கேட்டேன்.

பச்சதாம்மான்னான்.