பேர் ஓடி முடிந்த பிறகு

— ஏசிய ஏன் இவ்ளோ ஜில்லுன்னு வச்சிருக்கீங்க, யூனுஸ் அண்ணே? கீழ கடையில கஸ்டமருக்கே ஃபேன்தான் ஓடுது!

— சேலைக்கு ஃபேன் போதும் மேடம். ஏசி மேல இருக்கிறதுக்கு. இருபத்திரண்டு வருசமா ஒரு நாள் நிறுத்துனதில்ல. ஜவுளிக்கடைக்காரன் மாடிய குளிர வச்சுட்டு கீழ வேர்த்து ஊத்த நிக்கிறான்னு கிள்ளான் ஊரே சிரிச்சிருக்கு. கதவ தொறக்கட்டுங்களா?

— தொறங்க, தொறங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்லேருந்து ஒண்ணரை மணி நேரம் ஜேம்ல உட்காந்து வந்திருக்கேன்லா... ஐயோ, ஆண்டவரே! அண்ணே, என்ன இது? சுவரு பூரா கேசட்டா?

— நூத்திப் பன்னெண்டு.

— நான் ஃபேஸ்புக்ல கேட்டது ஒரே ஒரு கேசட்டு! 'லைன் வீடு ஏழு' நாடகம், பதினோராவது பாகம், யார்கிட்டயாச்சும் இருக்கான்னு. நீங்களும் "இருக்கு, வாங்க"ன்னு ரெண்டே வார்த்தை போட்டீங்க.

— அதுக்கு மேல டைப் பண்ண வராது மேடம். ஒரு விசயம் சொல்லட்டுங்களா? கெர்ட்ரூட் இருதயம்னா எங்களுக்கு மொகம் தெரியாது, பேருதான் தெரியும். நிகழ்ச்சி முடிஞ்சதும் வரிசையா பேரு ஓடுமே, அதுல தொண்ணூறுல நீங்க எல்லாத்துக்கும் கீழ. கண்ண சிமிட்டுனா போயிரும். அடுத்த வருசம் ரெண்டு பேரத் தாண்டி மேல. அப்புறம் இன்னும் மேல. தொண்ணூத்தாறுல 'லைன் வீடு ஏழு' வந்தப்ப, தயாரிப்பு கெர்ட்ரூட் இருதயம்னு தனியா வந்து நின்னுச்சு பாருங்க, எங்க வீட்டுல எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. மாஷா அல்லா!

— சிரிப்பு வருது அண்ணே. மொதல்ல கேபிள் சுத்தத்தான் போனேன். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ்லேருந்து விடிகாலை பஸ் புடிச்சு. பொம்பளப் புள்ள கேபிள் தூக்குதுன்னு கேமராமேனெல்லாம் பாட்டே கட்டுவானுங்க.

— அப்படிப்பட்ட ஆளு டெங்கில் பக்கம் வந்த வெள்ளத்துல முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு நேரடி ஒளிபரப்பு நடத்துனீங்களே. செருப்ப வெள்ளம் அடிச்சிட்டுப் போயி, வெறுங்காலோட ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தீங்களே.

— அது டிவில வரலையே. யார் சொன்னா உங்களுக்கு?

— சொன்னாங்க மேடம். ஆனா ரெண்டாயிரத்து மூணுக்கு அப்புறம் உங்க பேர காணோம். அதுக்கப்புறம் என்னாச்சு உங்களுக்கு?

— ஒண்ணும் ஆகல, மாடி ஏறிட்டேன்லா. ப்ரோக்ராம் மேனேஜர், அப்புறம் சேனல் ஹெட், இப்ப மொத்த நெட்வொர்க்குக்கும் வைஸ் பிரசிடென்ட். அங்க பேரு ஓடாது அண்ணே, கையெழுத்து மட்டும்தான் ஓடும். அதுவும் இந்த வெள்ளிக்கிழமையோட சரி. ரிட்டயராகுறேன்.

— முப்பத்தஞ்சு வருசம்! கேபிள் தூக்குன கை. எனக்கு மெய்யாவே புல்லரிக்குது மேடம்.

— பார்ட்டி வைக்கிறாங்க. நான் செஞ்சதையெல்லாம் பெரிய திரையில போடணுமாம். ஸ்டேஷன் டேப் லைப்ரரில தேடுனா சுத்தமா ஒண்ணுமில்ல. அந்தக் காலத்துல டேப்புக்குப் பஞ்சம்லா, பழசு மேலயே புதுச பதிவு பண்ணுவோம். எல்லாம் அழிஞ்சு போச்சு.

— யாரு அழிக்கச் சொன்னது?

— நல்லா கேட்டீங்க போங்க.

— தெரிஞ்சுக்கலாம்னுதான்.

— நான்தான் அண்ணே. மேனேஜராகி மூணாவது மாசம். அழிக்க வேண்டிய டேப் லிஸ்ட்டுன்னு பதினாறு பக்கம் வந்துச்சு. புரட்டிக்கூட பாக்கல, கையெழுத்த போட்டேன். என் நாடகமும் அதுலதான் இருந்துச்சு. இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஏன் உங்ககிட்ட சொல்றேன்னும் தெரியல.

— சொன்னது நல்லதுதான் மேடம்.

— பார்ட்டிக்காகவும் நான் வரல. பதினோராவது பாகத்துல எங்க அப்பா இருக்காரு. அன்னிக்கு நடிகர் வரல. அப்பா செந்தூல் வர்க்‌ஷாப்ல நெஜமாவே ஃபிட்டர்லா, அவரையே புடிச்சு நிக்க வச்சுட்டோம். அவரு தவறி இருபது வருசமாச்சு. சாவு வீட்டுல போடலாமேன்னு அந்த டேப்ப தேடப் போனப்பதான் அழிஞ்சது தெரியும். போட்டோ இருக்கு அண்ணே, குரல் இல்ல. எங்கயுமே இல்ல. எப்படிப் பேசுவாருன்னு எனக்கே மறந்துக்கிட்டு வருது. அத நெனச்சா பயமா இருக்கு.

— என்னங்க! டீய கதவோரமா வச்சிருக்கேன்!

— உள்ள வந்து குடேன் புள்ள!

— வேணாம். கடையில ஆளு நிக்கிது!

— உங்க வீட்டம்மாவா அண்ணே? வரச் சொல்லுங்களேன், பாக்கட்டும்.

— கொஞ்சம் கூச்சம் மேடம். நீங்க டீய எடுத்துக்குங்க. இந்தாங்க, பதினொண்ணு.

— எல்லாத்தையும் நிக்க வச்சே அடுக்கிருக்கீங்க. பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற பொட்டலம் வேற. பூஞ்சை ஒரு புள்ளி இல்லையே!

— ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி ஒவ்வொண்ணையும் முழுசா ஓட்டி, திருப்பிச் சுத்தி வைப்போம். இல்லாட்டி உள்ள ஒட்டிக்கும்.

— அது எங்க லைப்ரரி வழக்கம்லா! ஜவுளிக்கடையில யாரு கத்துக் குடுத்தா?

— படம் வந்துருச்சு மேடம், பாருங்க.

— என்னா க்ளியரு... நிறுத்துங்க, நிறுத்துங்க. இந்த கலர் பட்டை எப்படி வந்துச்சு?

— ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்.

— ஸ்டேஷன் டேப்புல அப்படித்தான் இருக்கும்! வீட்டு டிவியிலேருந்து புடிச்சா இது வராது. நடுவுல விளம்பரம் வருதா? கொஞ்சம் ஓட்டுங்க. இல்ல! ஒண்ணுகூட இல்ல! அண்ணே, இது வெளிய புடிச்சதே இல்ல. உள்ள உட்காந்து மெயின் டேப்புலேருந்து காப்பி எடுத்திருக்காங்க. யாரு?

— மொதல்ல அப்பாவ பாருங்க மேடம். அந்தா, ஊதா சட்டை.

— அப்பா...

— சத்தம் வைக்கிறேன்.

— "ஸ்பானர எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதவன் எஞ்சின தொடவே கூடாது!"

— ஐயோ, ஐயோ! வீட்டுலயும் இதேதான் அண்ணே! கத்திரிக்கோலுக்கு, சீப்புக்கு, எல்லாத்துக்கும் இதேதான்! வசனம் எழுதுனவன் வேற என்னமோ எழுதியிருந்தான், இவரு இத பேசிட்டாரு. பாருங்க, கன்னத்துல கரி. நெஜக் கரி அண்ணே, மேக்கப்பு இல்ல.

— அழுங்க மேடம். பரவாயில்ல. இங்க யாரு இருக்கா.

— பேரு ஓட ஆரம்பிச்சிருச்சு. போதும் அண்ணே, இது போதும் எனக்கு. நிறுத்திருங்க.

— இங்கதான் எல்லாரும் நிறுத்துவாங்க. நீங்க நிறுத்தாதீங்க.

— ஒண்ணுமில்லையே, வெறும் கருப்பு.

— பொறுங்க மேடம்.

— ஏ... அண்ணே! இது ஒத்திகை! இந்த டேப்புல மொதல்ல ஒத்திகைய புடிச்சோம், அது மேலதான் நாடகத்த பதிவு பண்ணோம். வால் மட்டும் அழியாம மிஞ்சி நிக்கிது! இது ஒளிபரப்பானதே இல்ல அண்ணே, நான் பாத்ததே இல்ல! அப்பா கேமராவ பாத்து...

— "கெர்ட்டி, சரியா பேசுனேனாம்மா? இன்னொரு தடவ வேணும்னா சொல்லு, எனக்கு ஷிப்டு ரெண்டு மணிக்குத்தான். ஆமா, நீ சாப்பிட்டியா?"

— டீ ஆறுது மேடம்.

— "நீ சாப்பிட்டியா"ன்னு கேக்குறாரு அண்ணே.

— ஆமா மேடம். நாங்களும் எத்தனையோ தரம் கேட்டிருக்கோம். பெத்த அப்பாதான் இப்படிக் கேக்க முடியும்னு நெனச்சுக்குவோம்.

— பேரு ஓடி முடிஞ்சதும் மிஷின நிறுத்தாம, கருப்பையும் சேத்து கடைசி வரைக்கும் காப்பி எடுத்திருக்காங்க. என்னா மனசு அது! அந்தக் கட்டடத்துல முன்னூறு பேரு இருந்தோம், பெரிய படிப்பு படிச்சவனெல்லாம் இருந்தான், ஒருத்தனுக்குத் தோணுச்சா? எனக்குத் தோணுச்சா? யாருன்னு சொல்லுங்க அண்ணே, கால்ல விழணும் நான்.

— கேசட்டு மேல ஒட்டியிருக்கிற லேபிள பாருங்க.

— 'லைன் வீடு 7.' ஏழுக்கு நடுவுல ஒரு கோடு. இருங்க, இந்த ஏழு எனக்குத் தெரியும்லா. லைப்ரரி ரிஜிஸ்டர் பூரா இந்த ஏழுதான். அங்க ஒரு க்ளார்க்கு இருந்தாங்க, முக்காடு போட்டுக்கிட்டு. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போவோம், அவங்க மட்டும் மிஷின் முன்னாடியே உட்காந்திருப்பாங்க. கையெழுத்து போடாம வைஸ் பிரசிடென்ட் வந்தாலும் டேப் வெளிய போகாது.

— மூணு மாசம் மேடம். அந்த லிஸ்ட்டு வந்ததுலேருந்து ஒரு நாள் மத்தியானம்கூட சோறு திங்கல.

— அப்புறம் ஒரு நாள் கேட்டுல காவலுக்கு நின்ன ஜாகா அவங்க பைய தொறந்து பாத்தான். உள்ள ரெண்டு கேசட்டு. ஸ்டேஷன் சொத்த திருடுனாங்கன்னு ரிப்போர்ட்டு. வேலையவிட்டு நீக்குற லெட்டர் என் மேசைக்கு வந்துச்சு. அன்னிக்கு நாப்பது பேப்பரு... அண்ணே. பேரு மைமூன். எம். மைமூன். நீங்க இப்ப "புள்ள"ன்னு கூப்பிட்டது...

— மைமூன்! உள்ள வா.

— கடையில ஆளே இல்ல மேடம். கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

— அக்கா... பதிமூணு வருசம் வேலை செஞ்ச உங்கள ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேக்கல நான். திருடின்னு எழுதியிருந்த பேப்பருல கையெழுத்து போட்டேன்.

— கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.

— அதுக்கப்புறமும் ஏன் வச்சிருந்தீங்க? ஒவ்வொண்ணுலயும் என் பேருலா ஓடுது! தூக்கி எறிஞ்சிருக்கலாமே!

— உங்க பேரு ஓடுறதாலதான் மேடம் வச்சிருந்தேன். அந்த ரூமுல உட்காந்து வருசா வருசம் உங்க பேரு மேல ஏர்றத பாத்தவ நான். கேபிள் தூக்க வந்த புள்ள. வெறுங்காலோட வந்து நின்னப்ப என் செருப்பத்தான் குடுத்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அத்தனையும் ஒரு பட்டன்ல அழிக்கிறதுன்னா, எனக்கு மனசு வரல.

— அந்தச் செருப்பு உங்களுதா அக்கா... எல்லா கேசட்டையும் கேக்க எனக்கு வாயில்ல. இது ஒண்ணு மட்டும் குடுங்க. அப்பா மட்டும் போதும்.

— எத வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க. என்னங்க, அந்த ரிஜிஸ்டர எடுங்க.

— அட, வீட்டுலயும் ரிஜிஸ்டரா!

— பழக்கம் போகல மேடம். டேப் நம்பரு, தேதி, எடுக்குறவங்க பேரு. திருப்பித் தர்ற நாளும் இருக்கு, அத நீங்க எழுத வேணாம்.

— குடுங்க அக்கா, பேனாவ குடுங்க. எங்க போடணும்? இங்கதானே?

— அவசரப்படாதீங்க மேடம். மொதல்ல படிங்க. படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.