முப்பதாம் ஆண்டில் பூத்த செடியும் சுகன்யாதேவி அக்காவும்

தலைமை வகிக்கும் ஹனோவர் தமிழ் மன்றத் தலைவர் உமாபதி அவர்களே, தாய் சுகன்யாதேவியைப் பறிகொடுத்து நிற்கும் மகள் பார்கவியே, அன்பு நிறைந்த அவையோரே! தோட்டக்கலைஞர் சுகன்யாதேவி அவர்களோடு இந்நகரத் தாவரத் தோட்டத்தின் ஒரே கண்ணாடிக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்த ஸ்ரனிஸ்லாஸ் பேசுகிறேன்.

அகதியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய அக்கா, தோட்ட வேலை படித்து, 1992இல் ஒரு விதையை ஊன்றினார். பொலிவிய மலைகளில் வளரும் புயா. அன்னாசிக் குடும்பத்து இராட்சதச் செடி. அங்கே அது பூக்க எண்பது, நூறு ஆண்டுகள் ஆகலாம். ஒரே ஒரு தடவை பூக்கும், விதை தரும், இறந்துவிடும். இதற்கா தினமும் பாடுபடுவது? நாங்கள் சிரித்தோம்!

2016இல் தோட்டத்தில் இடநெருக்கடி. “இந்த முட்புதரை எறிவோம்” என்று கூட்டத்தில் சொன்னவன் யார்? நான்தான்! அக்கா திரும்பிப் பார்த்தார்.

“ஸ்ரனி, நாங்கள் வந்த நேரம் எங்களுக்கும் இடமில்லை எண்டுதான் சொன்னவை. உமக்கு ஞாபகம் இல்லையோ?”

சொன்னதை அங்கேயே திரும்பப் பெற்றேன். செடி தப்பியது.

2022 வசந்தத்தில், முப்பதாம் ஆண்டிலேயே, அதன் நடுவிலிருந்து பூந்தண்டு எழுந்தது. நாளுக்கு நாலு விரல் உயரம்! கூரைக்கு மூன்று சாண் இருக்கையில், முனையை நறுக்கிவிடலாம் என்றார் மேலாளர்.

“ஏலாது! கண்ணாடியைக் கழட்டுங்கோ” என்றார் அக்கா. அன்றே அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தார். அனுமதி வர ஒன்பது நாள். தண்டு கண்ணாடியை முட்டி வளையத் தொடங்கிய காலையில்தான் ஆட்கள் வந்தார்கள். கூரை திறந்தது. தண்டு வானத்துக்குப் போனது!

ஆயிரக்கணக்கான பூக்கள். அவற்றில் தேன் குடிக்கும் மலைக்குருவிகள் இங்கே ஏது? அறுபத்தொரு வயதில் ஏணியில் ஏறி, தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவினாரே எங்கள் அக்கா! ஏணியைப் பிடித்திருந்த நான், “காணும் அக்கா, இறங்குங்கோ” என்பேன்.

“இன்னும் கொஞ்சம் கிடக்கு. பிடியும்.”

செடி காய்ந்து சாய்ந்தபோது நான் அழுதேன். அவர் அழவில்லை. விதைகளைக் கடித உறையில் போட்டுக்கொண்டு போய் விதைத்தார். நாற்பத்து மூன்று முளைத்தன.

சென்ற தை மாதம் நோய் அவரைக் கட்டிலில் போட்டது. “பிள்ளையள் எப்பிடி?” என்று கேட்டார். “நான் சுகமா இருக்கிறன் அம்மா” என்றாள் பார்கவி.

“உன்னையில்லையடி! அங்கை தொட்டியளுக்குள்ளை நிக்கிறதுகளை!”

சிரியுங்கள், அவையோரே! அவருக்கும் அன்று சிரிப்பு வந்தது.

அந்தக் கன்றுகள் பூக்கும் நாளில் நான் இருக்க மாட்டேன். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அதுவரை ஒரு செடியையும் வாட விடமாட்டோம் என்று, பார்கவியும் நானும் இந்த அவை முன் உறுதி கூறுகிறோம். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவற்றைப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றுகிறோம். வாருங்கள். தடித்த கையுறை போட்டு வாருங்கள். இந்தக் கன்று வயதிலேயே அவற்றின் முள் நன்றாகக் குத்துகிறது!