குழாய்க்குள் நுழையாத இறக்கை

என் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல், மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் அவைத்தலைவர், மதிப்பிற்குரிய சேஷகிரி அவர்களே! கத்தியும் கோந்தும் கையுமாகக் கப்பல் கட்டும் மாதிரிக் கலைக் கழகத்துத் தோழர்களே! அல்சூரின் அத்தனை நெரிசலையும் நீந்தி வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயம் தீராமலேயே வந்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் இருகரம் கூப்பி, இதயம் கூப்பி வணங்குகிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, “கப்பல் ஏவுகணைகளின் மடங்கும் இறக்கைகள்”. என்ன பொருத்தம் பாருங்கள்! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் எனக்கும் ஏவுகணைக்கும் என்ன இணைப்பு? தமிழைப் பேசு என்றால் பேசுவேன். தாய்மையைப் பேசு என்றால் பேசுவேன். இறக்கையைப் பேசு என்றால் எதைப் பேசுவேன்? யாரது, பின்வரிசையில் சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, சிரியுங்கள். நானே குழம்பித்தான் நிற்கிறேன்; நீங்களாவது தெளிவாகச் சிரியுங்கள்!

குழப்பம் எங்கே தொடங்கியது? என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. என் கணவர் உத்தமனும், எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆம்ப்ரோஸும் சேர்ந்து ஒரு மாதிரிக் கப்பல் செய்யத் தொடங்கினார்கள். புத்தாயிரம் பிறக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர்கள் செய்தது பெரிய போர்க்கப்பல் அல்ல, ஏவுகணைப் படகு. சின்ன உடல், சீறும் வேகம், மேல்தளத்தில் பீப்பாய் போல உருண்ட ஏவுகுழாய்கள்.

அது யாருக்காக? சிரில் அவர்களுக்காக. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். கடற்படையில், அப்படிப்பட்ட ஒரு படகில், ஏவுகணைகளைப் பேணும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாய் திறந்தால் தெருவே கூடும். கடலைப் பற்றிப் பேசினால் நம் காலடியில் அலை வந்து போகும். அந்த வாயைப் பக்கவாதம் அடைத்தது. வலக்கை விழுந்தது, வலக்கால் விழுந்தது, வார்த்தை முழுவதும் விழுந்தது. அவர் மனைவி மௌரீன் என்னோடு எக்ஸ்சேஞ்சில் பணியாற்றுபவள், என் உயிர்த்தோழி. ஒரு நாள் என் தோளில் சாய்ந்து கேட்டாள்: “யசோதா, நான் யாருன்னு அவருக்குத் தெரியுதா, தெரியலையா? அதுவே புரிய மாட்டேங்குதுடி.”

கோலாரிலிருந்து வந்த சிரிலின் அண்ணன் ஒரு முடிவே எடுத்துவிட்டார். “தம்பிக்கு ஒன்னும் நெனப்பு இல்லம்மா. நீயும் வேலைக்குப் போறே. ஓசூர் பக்கம் ஒரு ஹோம் இருக்கு, அங்க வுட்டுடலாம். யோசிச்சி சொல்லு” என்றார். கட்டிலில் படுத்திருந்த சிரிலின் தலைக்கு மேலேயே இந்தப் பேச்சு நடந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். என் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். படகு முடிந்தது. ஏவுகணையும் முடிந்தது. இருபுறமும் இறக்கை விரித்து, வாலில் துடுப்பு வைத்து, அழகாய் நின்றது. அதைக் குழாய்க்குள் விடப் போனார்கள். போகவில்லை! திருப்பினார்கள், போகவில்லை. சாய்த்தார்கள், போகவில்லை. உடல் நுழைகிறது, இறக்கை இடிக்கிறது.

“ராக்கெட்டு பெரிசா பண்ணிட்ட உத்தமா” என்றார் ஆம்ப்ரோஸ்.

“நான் ஸ்கேல் வெச்சி அளந்து பண்ணேன். உன் டியூபு தான் சின்னது” என்றார் என் கணவர்.

“படத்தப் பாத்து தானே மச்சி பண்ணேன்?”

“நானும் படத்தப் பாத்து தான் பண்ணேன்!”

இருவரும் பிரௌசிங் சென்டருக்குப் போனார்கள். கணினித் திரையில் படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கியது. ஒரு படத்தில் படகின் மேல் வீடு போலப் பெரிய பெட்டி. இன்னொரு படத்தில் அதே படகின் மேல் ஒடுங்கிய உருண்டைக் குழாய். ஏவுகணை மட்டும் இரண்டிலும் இறக்கை விரித்தே நின்றது. பெட்டி மெய்யா, குழாய் மெய்யா? இறக்கை மெய்யா, இடம் மெய்யா? தெளியப் போனவர்கள் கூடுதலாகக் குழம்பித் திரும்பினார்கள். வேறு வழி தெரியாமல், இறக்கை நுழையும் அளவுக்குக் குழாயைப் பருமனாகச் செய்து ஒட்டினார்கள். ஒட்டிய பிறகு பார்த்தால், படகு தலையில் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்து நிற்பது போல இருந்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? “சிரில் அண்ணனுக்குக் காட்டலாம் சிஸ்டர், பாத்தா சந்தோசப்படுவாரு” என்றார் ஆம்ப்ரோஸ். எல்லோரும் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து மௌரீன் வீடு திரும்பியிருந்த நேரம். சிரிலைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தோம். மடியில் பலகை, பலகையில் படகு. பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? இடக்கையை ஓங்கிக் குழாயின் மேல் ஓர் அடி! ஒட்டியது பிய்ந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது.

கோபமா? கடல் நினைவு வந்து வலித்துவிட்டதா? அல்லது கோலார் அண்ணன் சொன்னதுதான் உண்மையா? “சாரிபா… அவருக்கு ஒன்னும் தெரியாது, மன்சுல வெச்சிக்காதீங்க” என்று மௌரீன் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சிரில் விடவில்லை. பக்கத்து ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் டம்ளரை இழுத்தார். ஐந்து விரலையும் விரித்து அதன் வாயில் வைத்து அழுத்தினார். “தண்ணி கேக்கறாரு!” என்று மௌரீன் ஓடித் தண்ணீர் ஊற்றினாள். அவர் டம்ளரைக் கவிழ்த்தார். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. “காபி போல இருக்கு” என்றேன் நான். தமிழ் மேடைகளில் தத்துவம் பேசும் யசோதா, ஒரு மனிதனின் கையைப் பார்த்துக் காபி என்றேன்! அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. மறுபடியும் விரல்களை விரித்து டம்ளரின் வாயில் இடித்தார். பிறகு ஐந்தையும் குவித்தார். உள்ளே விட்டார். மெல்ல வெளியே எடுத்தார். எடுத்ததும் படாரென்று விரித்தார்!

ஆம்ப்ரோஸ் துள்ளி எழுந்தார். “மடியுது! உத்தமா, ரெக்க மடியுது! உள்ள இருக்கறப்ப மடிஞ்சிக்குது, வெளிய வந்தா விரியுது! அண்ணே, அதானே?”

“அப்போ அந்த இன்னொரு படம்—” என்று என் கணவர் தொடங்கினார். மௌரீன் கையை நீட்டித் தடுத்தாள். “ஸ்வல்ப இருங்க. அவரு சொல்லட்டும்.”

காத்திருந்தோம். வெளியே ஓர் ஆட்டோ வந்து நின்று, புறப்பட்டுப் போகும் வரை காத்திருந்தோம். மெல்ல, மிக மெல்ல, சிரிலின் தலை கீழே இறங்கியது, மேலே ஏறியது. ஆம்! பக்கவாதம் வந்த நாள் முதல் அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். அன்றைக்குத்தான் உறைத்தது: அவர் பதில் வந்து சேரும் முன்பே நாங்கள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தோம். சாப்பிடுகிறீர்களா என்று கேட்ட மூச்சிலேயே கரண்டியை வாயில் வைத்திருந்தோம்.

அதன் பிறகு நடந்ததைத்தான் மாதிரிக் கலைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆம்ப்ரோஸ் கேட்கக் கேட்க, சிரில் தலையால் சொன்னார். இறக்கை எந்த இடத்தில் மடியும்? உடலை ஒட்டினாற்போல, நகத்தால் கோடு கிழித்துக் காட்டினார். அங்கே கதவுக்கு இருப்பது போலக் கீல் இருக்கிறது. மடித்து வைத்த இறக்கையைச் சுருள்வில்லின் விசை விரிக்கத் துடிக்கிறது. குழாயின் சுவரோ ஒரு கொக்கியோ அதை அடக்கி வைக்கிறது. குழாயை விட்டு வெளியேறியதும் தடை போகிறது, விசை தள்ளுகிறது, இறக்கை விரிகிறது. விரிந்த இடத்தில் ஒரு முளை வந்து விழுந்து பூட்டிவிடுகிறது. காற்று எவ்வளவு அழுத்தினாலும் மீண்டும் மடியாது. ஏன் இத்தனை பாடு? கப்பலில் இடம் அருமை. இறக்கை மடங்கினால் குழாய் ஒடுங்கும். குழாய் ஒடுங்கினால் அதே தளத்தில் கூடுதலாக ஏற்றலாம்.

அப்படியானால் அந்தப் பெரிய பெட்டி? அதுவும் மெய்தான். முன்பு வந்த வகையில் இறக்கை மடங்காது; அதனால் பெட்டி பெரிது. பின்னால் வந்ததில் மடங்கும். அதனால் குழாய் சிறிது. நம் ஆட்கள் பழைய ஏவுகணையைச் செய்து புதிய குழாய்க்குள் திணித்திருந்தார்கள்! ஆகவே தோழர்களே, கத்தியை எடுக்கும் முன் உங்கள் கப்பல் எந்த வகை என்று பாருங்கள். எல்லா இறக்கையும் ஒரே மாதிரி மடங்குவதில்லை. சிலது அடியில் மடங்கும், சிலது நடுவில் மடங்கும், சிலது உடலைச் சுற்றி வளைந்து படுத்துக்கொள்ளும். குழாய்க்குள் வைத்தால் மடித்து வையுங்கள். வெளியே நிறுத்தினால் விரித்து நிறுத்துங்கள். கீல் இருக்கும் கோட்டை மெல்லிசாகக் கீற மறக்காதீர்கள்.

தாய்மார்கள் கொட்டாவி விடுகிறீர்கள். இதோ, உங்களிடம் வருகிறேன்.

ஆம்ப்ரோஸின் கேள்விகள் தீர்ந்தன. மௌரீன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். “இன்னாங்க… நான் யாருன்னு தெரியுதா?” காத்திருந்தாள். தலை இறங்கி ஏறியது. இடக்கை அவள் கன்னத்துக்குப் போனது. “ஓசூர் ஹோமுக்குப் போறீங்களா? அண்ணன் சொன்னாரே.” காத்திருந்தாள். தலை இடமிருந்து வலம் போயிற்று. வலமிருந்து இடம் வந்தது. இல்லை! அந்த வீட்டில் அன்றைக்கு விழுந்த அழுகையைச் சொல்ல என்னிடம் தமிழ் இல்லை. அண்ணனுக்கு அந்த அறையிலிருந்தே டெலிபோன் செய்தாள்: “மாமா, அவரு எங்கியும் வர மாட்டாராம். நான் சொல்லல. அவரே சொன்னாரு.”

என் குழப்பம் அத்தனையும் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஒரு மாலை நான் தனியே சிரிலிடம் கேட்டேன்: “அண்ணே, அந்த ஏவுகணை போய் விழற எடத்துலயும் ஆளுங்க இருப்பாங்களே, அத நீங்க நெனச்சது உண்டா?” காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். தலை இறங்கவும் இல்லை, அசையவும் இல்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கொலைக்கருவியின் இறக்கையைப் பற்றிக் கேட்டதால் ஒரு மனிதன் தன் வீட்டிலேயே வாழ்கிறான். இதை நான் கொண்டாடுவதா, கலங்குவதா? தெரியவில்லை, தாய்மார்களே! தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் திறமை இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வாய் போனவனுக்கு மனமும் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்கள் நாம்! பேச்சில்லாதவனிடம் பேசத் தேவையில்லை என்று தீர்ப்பு எழுதியவர்கள் நாம்! எத்தனை வீட்டில், எத்தனை கட்டிலில், எத்தனை பேர் நம் தலையசைப்புக்காக அல்ல, தங்கள் தலையசைப்பை நாம் பார்ப்பதற்காகக் காத்திருக்கிறார்கள்? கேட்கிறோமா? கேட்டால் நிற்கிறோமா? நின்றால் பார்க்கிறோமா?

சிரில் அவர்கள் இன்று இங்கே வந்திருக்கிறார். வாசலுக்கு அருகில், சக்கர நாற்காலியில், நீல நிறச் சட்டையில் இருக்கிறார். கைதட்டுவதோடு போய்விடாதீர்கள். கழகம் வைத்திருக்கும் மாதிரிக் கப்பல் கண்காட்சியைப் பார்த்து முடித்ததும் அவரிடம் போய் நில்லுங்கள். எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு, தயவு செய்து, உடனே நகர்ந்துவிடாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும், மேடை தந்த கழகத்துக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வாழ்க நீங்கள்! வணக்கம்.