4417-ஆம் எண் வில்லை

— காசு இல்ல மாப்ளே இது. காசுன்னா தலையோ பூவோ இருக்கணும்.

— பூட்டு சாவிக் கடை வச்சிருக்கீங்க, நாள் பூரா தகட்டுல நம்பர் அடிக்கிறீங்க. காசு இல்லன்னா வேற என்னன்னு சொல்லுங்க அத்தான்.

— டோக்கன். துணிக்கடை வாசல்ல பையை வாங்கி வச்சுக்கிட்டுக் குடுப்பானே...

— அது பிளாஸ்டிக்ல இருக்கும்.

— அப்ப நீச்சல் குளத்து லாக்கர் டோக்கன். குப்பையில போட்டுட்டுக் கிளம்பு. எனக்கு மூணு சாவி வெட்டணும்.

— வெட்டுங்க, யாரு வேண்டாம்னா? உங்க காந்தம் எங்க... இந்தா. பாருங்க, ஒட்டவே இல்ல.

— ஸ்டெயின்லெஸ். அதுக்கு?

— லாக்கருக்கு எவனாவது இவ்வளவு கெட்டியா ஸ்டெயின்லெஸ் போடுவானா? அதுவும் ஓரமெல்லாம் நீலம் பூத்திருக்கு.

— துரு.

— துருவா! பத்து வருஷமா இரும்போட புரளுற ஆளு பேசுற பேச்சா இது? நெருப்புல வெந்த நீலம் அத்தான்.

— தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குற?

— எங்க கிடைச்சுதுன்னு நீங்க கேக்கவே இல்லியே.

— ...எங்க?

— மைதானத்துல. நீளம் தாண்டுற மணல் குழியில.

— அங்க உனக்கு என்ன வேலை?

— பொக்லைன் ஓட்டுறவனுக்கு எங்க வேலை இல்ல? குழியை எடுத்துட்டுக் கார் நிறுத்த காங்கிரீட் போடுறாங்களாம். காண்டிராக்டர் என்னை அனுப்பினாரு. நேத்து ஓரமா ஒரு பக்கெட் அள்ளினேன், வெயில்ல இது பளிச்சுன்னு...

— எப்பத் தோண்டுறாங்க?

— முதல்ல இது என்னன்னு சொல்லுங்க.

— எப்பன்னு கேட்டேன் மாப்ளே.

— இதுல அடிச்சிருக்கிற நம்பர் நாலு, நாலு, ஒண்ணு, ஏழு. மின் மயானத்துல கொண்டுபோய்க் காட்டினேன். உள்ள போற ஒவ்வொரு உடம்போடயும் ஒரு வில்லை போகுமாம், சாம்பல் மாறிடக் கூடாதுன்னு. அந்த ஆளு நோட்டைப் புரட்டிக் காட்டினாரு. எங்க அக்கா பேரு. வாங்கிட்டுப் போனதுக்குக் கையெழுத்து உங்களோடது.

— ஆமா. நான்தான் அவ சாம்பலை அந்தக் குழியில கொட்டினேன். போதுமா? போ, உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு!

— கத்தாதீங்க. தெருவே திரும்பிப் பாக்குது.

— பாக்கட்டும். குதிச்சது போதும்னு பத்தொன்பது வயசுல அவ ஷூவை பீரோவுல வச்சுப் பூட்டுனவங்க உங்கம்மா. பூட்டிட்டு, பொண்ணை சாவிக்கடைக்காரனுக்குக் குடுத்தாங்க.

— அது அவங்க செஞ்ச தப்புதான்.

— அந்தப் பூட்டைத் திறந்ததுதான் அவளுக்கு நான் செஞ்ச முதல் வேலை. செத்தப்புறம் வந்து, சாம்பலைக் குடு, எங்க வீட்டுச் செம்பருத்திக்கு அடியில புதைக்கணும்னா? கலசத்தைக் கேட்டாங்க, கலசத்தைக் குடுத்தேன்.

— குழியில எந்த இடத்துல கொட்டினீங்க?

— காலை ஊணித் தாண்டுற பலகையில இருந்து அஞ்சு மீட்டர் அறுபது. டேப் வச்சு அளந்தேன்.

— அக்கா அஞ்சு நாப்பதுக்கு மேல தாண்டினதே இல்லியே...

— அதனாலதான் அங்க.

— அந்தக் குழியைத்தான் தோண்டச் சொல்லியிருக்காங்க.

— விடமாட்டேன். நாளைக்கு அந்தக் குழியில போய்ப் படுத்துக்குவேன். வண்டியை என் மேல ஏத்திட்டுத் தோண்டு.

— உங்களை ஒரு பக்கெட்ல அள்ளி ஓரமா வச்சுடுவேன். அக்கா போன இந்த எட்டு மாசத்துல பாதி ஆளாயிட்டீங்க, கனமா இருக்கீங்க?

— விளையாடாதே மாப்ளே.

— கனம்னதும் ஞாபகம் வருது. அன்னைக்குக் கலசத்தை வீடு வரைக்கும் மடியில வச்சுக்கிட்டுப் போனது நான். தொடை மரத்துப் போச்சு. சாம்பல் அவ்வளவு கனக்காது. உள்ள என்ன போட்டீங்க?

— ...அந்தக் குழி மணல்தான்.

— அய்யோ.

— எந்த மணல்ல அவ கால் படக் கூடாதுன்னாங்களோ, அதையே அள்ளிப் போட்டேன்.

— அப்ப எங்கம்மா தினம் காலையில எழுந்ததும் தண்ணி ஊத்துறது...

— அந்த மணலுக்குத்தான். தாராளமா சொல்லிக்க. நான் ஒளியல.

— ஒளியாமயா துணிக்கடை டோக்கன்னு கதை விட்டீங்க? கனத்தை வச்சு அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன். அக்காவை எங்க வச்சீங்கன்னுதான் தெரியல. எட்டு மாசமா வாயைத் திறந்தேனா?

— தெரிஞ்சும் எதுக்கு இவ்வளவு நேரம் என்னைக் கிண்டுற?

— நீங்களா சொல்லணும்னுதான். நான் அவ தம்பி. என்கிட்டக்கூடச் சொல்லலியே நீங்க.

— ...சொல்லியிருக்கணும்.

— ம்.

— இப்பவாவது சொல்லு. எப்பத் தோண்டுறாங்க?

— காலையிலயே தோண்டியாச்சு அத்தான். குழி காலி. பழைய மணலை ஊருக்கு வெளிய பள்ளத்துல கொட்டச் சொன்னாரு காண்டிராக்டர். தலையை ஆட்டினேன், கொட்டல. தெரு முக்குல டிப்பர் நிக்குது, தார்ப்பாய் போத்தி, ஒரு பிடி விடாம முழுக் குழியும். திருட்டுன்னா திருட்டுன்னு எழுதிக்கட்டும். எங்க கொட்டணும்னு மட்டும் சொல்லுங்க, பொக்லைனும் இன்னைக்கு என்கிட்டதான் இருக்கு... புதுசா ஒரு குழி, ஏழு மீட்டருக்கு வெட்டிடலாம்.