ரப்பர் பால் பூசிய நாற்காலி

கிள்ளானுக்குப் போகும் ரயிலில், மூன்றாம் வகுப்பில், எனக்கு எதிரே குடையோடு இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தவரு எழுந்திருக்கவே இல்ல தம்பி."

"ஏண்ணே?"

"பழைய நாற்காலிக்கு நானே மெத்தை வச்சேன். மேல்துணிய ஆணி அடிக்காம ரப்பர் பாலை ஊத்தி ஒட்டிட்டேன். அது காயாம துணிக்கு மேல ஊறி வந்துடுச்சு. மாப்பிள்ளையோட அப்பா அதுலதான் உட்காந்தாரு."

"ஐயோ! அப்புறம்?"

"காப்பிமேல காப்பியா குடிச்சாரு. கடைசியில அவரு எழுந்தாரு, வேட்டி எழுந்திருக்கல."

"சம்பந்தம் போச்சா?"

"எங்க போவும்? ஓடிப்போய் என் புது வேட்டியக் கொடுத்தேன், கட்டிக்கிட்டாரு. உடனே என் சம்சாரம் வெத்தலைத் தட்டோட வந்துட்டா. 'பொண்ணு வீட்டு வேட்டியக் கட்டிட்டீங்க, இனி நிச்சயம்தான்'னுட்டா."

"நாற்காலிய எறிஞ்சாச்சா?"

"எறியறதா? இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கே!"